இருமலை எண்ணும் கைப்பேசி: தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"எத்தனை நாளாக இருமல்?" என்று மருத்துவர் கேட்கும்போது சரியாகப் பதில் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. "கொஞ்ச நாளாகத்தான் ஐயா" என்பார் பெரியவர். பக்கத்தில் நிற்கும் மருமகள், "தீபாவளிக்கு முன்பிருந்தே இருமுகிறீர்களே மாமா, உள்ளதைச் சொல்லுங்கள்" என்பாள். பெரியவர் பொய் சொல்லவில்லை. தூங்கும்போது இருமியது அவருக்கு நினைவில் இல்லை. விழித்திருக்கும்போது இருமியதோ பழகிப்போய்விட்டது. நாற்பது வருடம் பால்மரம் சீவியவருக்கு இருமலும் முதுகுவலியும் உடம்போடு ஒட்டிப் பிறந்தவை போலத்தான்.

மருத்துவருக்கும் மருமகளுக்கும் தெரியாத இந்தக் கணக்கை இன்று கைப்பேசி வைத்துக்கொள்ள முடியும். இரவு முழுவதும் விழித்திருந்து, எத்தனை மணிக்கு எத்தனை முறை இருமினார் என்று குறித்துத் தரும் செயலிகள் வந்துவிட்டன. அவற்றை நம் ஊரில், நம் வீட்டு அமைப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். என் மனக்கண்ணில் இருக்கும் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட். நெஞ்சக நோய் மருத்துவரான டாக்டர் ஜெயக்குமார் தேவராஜை 2008 முதல் 2018 வரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஊர் அது. அங்கேயும் மாதக்கணக்கில் இருமிக்கொண்டு, கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் செயலிகள் இருமலை எண்ணுவதில் நன்றாகவே தேறிவிட்டன. நோய்க்குப் பெயர் சொல்வதில் இன்னும் நம்பத்தக்கவை ஆகவில்லை. எண்ணிக்கையை வாங்கிக்கொள்ளுங்கள், நோயின் பெயரை மருத்துவரிடம் கேளுங்கள். இனி வருவதெல்லாம் இந்த அடிப்படையில்தான்.

முதல் படி: செயலிக்கு முன் ஆளைப் பாருங்கள்

சளியில் ரத்தம் வந்தாலோ, பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ செயலி தேடிக்கொண்டு உட்காராதீர்கள். அந்த நேரத்தில் கைப்பேசியின் ஒரே வேலை 999-ஐ அழைப்பது அல்லது ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்பாடு செய்வது. கைக்குழந்தை தொடர்ச்சியாக இருமி, முகம் சிவந்து, இருமல் முடிவில் 'ஊப்' என்று மூச்சை இழுத்தால் அது கக்குவான் இருமலாக இருக்கலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது உயிராபத்து. மிகச் சிறிய குழந்தைகளில் அந்த 'ஊப்' சத்தமே கேட்காமல், மூச்சு மட்டும் நின்று நின்று வருவதும் உண்டு. காத்திருக்க வேண்டாம்.

குழந்தைகளிடம் இருமலைவிட மூச்சு வேகம் பெரிய அடையாளம். அதை எண்ண எந்தச் செயலியும் தேவையில்லை, ஒரு கடிகாரம் போதும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த அளவை எட்டினாலோ தாண்டினாலோ வேகமூச்சு என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் உடனே புறப்படுங்கள்.

அடுத்தது இரண்டு வார விதி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும். மலேசியாவில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் காசநோய் கண்டறியப்படுகிறது. ஏற்கெனவே இரண்டு வாரம் தாண்டிவிட்டவர், "ஒரு மாதம் செயலியில் எண்ணிப் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று தள்ளிப்போட்டால், இந்தக் கட்டுரையால் நன்மையைவிடத் தீமையே விளையும். முதலில் கிளினிக், எண்ணுவது அதன்பிறகு.

அப்படியானால் இது யாருக்கு உதவும்? ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள, பெரும்பாலும் புகைத்துப் பழகிய பெரியவர்களுக்கு. நிமோனியாவிலிருந்து தேறி வருகிறவர்களுக்கு. காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு. புகைமூட்டக் காலத்தில் யாருக்கு வேண்டுமானாலும்.

இரண்டாம் படி: இயந்திரம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். செயலி எங்கே தவறும் என்பது இது தெரிந்தால்தான் புரியும்.

நாம் இருமும்போது முதலில் காற்றை ஆழமாக உள்ளிழுக்கிறோம். தொண்டையில் குரல்வளை மூடிக்கொள்கிறது. மூடிய கதவுக்குப் பின்னால் நெஞ்சும் வயிறும் சேர்ந்து அழுத்தம் கொடுக்கின்றன. கதவு படீரென்று திறக்க, காற்று வெடித்து வெளியேறுகிறது. அந்த வெடிப்பு ஒலி, பின்னால் 'ஹ்ஹ்' என்று தேயும் காற்று, சிலருக்குக் கடைசியில் சிறு குரல். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

செயலி திடீரென எழும் வெடிப்பு ஒலிகளுக்காகக் காத்திருக்கிறது. அப்படி ஒன்று வந்ததும் அந்தச் சிறு துண்டை வெட்டியெடுத்து ஒரு படமாக மாற்றுகிறது. நேரம் இடமிருந்து வலமாக ஓட, சுருதி கீழிருந்து மேலாக உயர, ஒலியின் வலிமை நிறமாகத் தெரியும். இதற்கு ஸ்பெக்ட்ரோகிராம் என்று பெயர். இருமலின் படத்தில் அடியிலிருந்து உச்சிவரை ஒரு கோடு செங்குத்தாக எழுந்து பின்னால் மங்கும். பேச்சின் படத்தில் படுக்கைவாட்டில் வரிகள் தெரியும். "இது இருமல், இது தும்மல், இது கதவு" என்று மனிதர்கள் குறித்துக்கொடுத்த ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், புதிய படத்தைப் பார்த்து "இது இருமலாக இருக்கும் வாய்ப்பு இவ்வளவு" என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டினால் கணக்கில் ஒன்று ஏறும்.

அந்த எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். தளர்த்தி வைத்தால் நாய் குரைப்பதும் பலகைக் கதவு சாத்துவதும் இருமலாகிவிடும். இறுக்கி வைத்தால் நெஞ்சில் வலுவில்லாத முதியவரின் சன்னமான இருமல் விடுபட்டுப் போகும். பாதிப்பு அதிகமுள்ளவரின் இருமலே சத்தம் குறைந்ததாக இருக்கலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். "எண்ணிக்கை குறைந்துவிட்டது" என்று செயலி சொல்லும்போது ஆள் தேறியிருக்கலாம், இருமக்கூடத் தெம்பில்லாமல் போயிருக்கலாம். ஆளைப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாம் படி: பெரிய வாக்குறுதிகளை எடை போடுங்கள்

"இருமலை வைத்தே நோயைச் சொல்கிறோம்" என்ற முயற்சிகள் உலகெங்கும் நடக்கின்றன, அவற்றில் உண்மையான உழைப்பும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த ரெஸ்ஆப் நிறுவனத்தை 2022-இல் ஃபைசர் வாங்கியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2020-இல் 'கோஸ்வரா' என்ற திட்டத்தின் மூலம் மக்களிடமிருந்து இருமலையும் மூச்சொலியையும் குரலையும் திரட்டியது. கூகுள் 2024-இல் அறிமுகப்படுத்திய 'ஹியர்' என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி 30 கோடி ஒலித்துண்டுகளில் பயிற்சி பெற்றது. ஐதராபாத்தின் சால்சிட் நிறுவனம் தன் 'ஸ்வாசா' என்ற மென்பொருளோடு அதை இணைத்துக் காசநோயை முன்கூட்டியே கண்டறிய முயல்கிறது.

ஆனால் கொவிட் காலம் ஒரு கடுமையான பாடத்தைக் கொடுத்தது. 2020-இல் வந்த சில ஆய்வுகள், இருமலைக் கேட்டே தொற்றைக் கண்டுபிடிப்பதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெற்றி என்றன. பிறகு பிரிட்டனில் 67,000-க்கும் மேற்பட்டவர்களின் ஒலிப்பதிவுகளை அவர்களின் பிசிஆர் தொற்றுப் பரிசோதனை முடிவுகளோடு வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முதலில் அங்கேயும் முடிவு நன்றாகத்தான் தெரிந்தது. வயது, பாலினம், அறிகுறிகள் ஆகியவற்றில் ஒத்தவர்களை எதிரெதிரே வைத்து ஒப்பிட்டபோது அந்தத் திறமை கரைந்துபோனது. இயந்திரம் கேட்டது கிருமியின் குரலை அல்ல. 'இவருக்கு உடம்பு சரியில்லை' என்பதை மட்டுமே அது கண்டுகொண்டிருந்தது. அறிகுறிகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் சாதாரணக் கேள்வித்தாளைவிட அதனால் கூடுதல் பயன் இல்லை என்று 2024-இல் வெளியான அந்த ஆய்வு முடிவு சொன்னது.

ஆகவே "உங்கள் இருமல் இயல்பானது, கவலை வேண்டாம்" என்று ஒரு செயலி சொன்னால் அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். "உங்களுக்குக் காசநோய்" என்று சொன்னாலும் இடிந்துபோய்விடாதீர்கள். சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும்தான் அதைச் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: செயலியைத் தேர்ந்தெடுத்தல்

ஹைஃப் நிறுவனத்தின் இருமல் கணக்கிடும் செயலி பரவலாகத் தெரிந்த ஒன்று. கூகுளின் பிக்சல் கைப்பேசிகளில் உறங்கும் நேரத்து இருமலையும் குறட்டையையும் குறிக்கும் வசதி கூடவே வருகிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும், நிறுவுமுன் சில கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்.

ஒலி எங்கே போகிறது? கைப்பேசிக்குள்ளேயே ஆராயப்படுகிறதா, வெளிநாட்டுச் சர்வருக்கு அனுப்பப்படுகிறதா? வெட்டியெடுத்த சிறு துண்டை மட்டும் வைத்துக்கொள்கிறதா, இரவு முழுவதையும் பதிவு செய்கிறதா? படுக்கையறையில் பேசும் பேச்செல்லாம் பதிவாகும் செயலி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். பதிவுகளை நீங்களே அழிக்க முடியுமா? மணிவாரியாக வரைபடம் தருகிறதா? எத்தனை மணி நேரம் உண்மையில் கேட்டுக்கொண்டிருந்தது என்று காட்டுகிறதா? கடைசிக் கேள்வி மிக முக்கியம், காரணம் பின்னால் வரும்.

நோயைக் கண்டறிவதாகச் சொல்லும் மென்பொருள் மருத்துவக் கருவியாகவே கருதப்படும். மலேசியாவில் மருத்துவக் கருவிகளுக்கு 2012-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பதிவு செய்வதற்கு ஓர் ஆணையமும் இருக்கிறது. அப்படிப்பட்ட பதிவு எதையும் காட்டாமல் "98 விழுக்காடு துல்லியம்" என்று மட்டும் பெருமை பேசும் செயலிக்கு ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: நம் வீட்டில் வைத்துப் பார்த்தல்

செயலியைச் செய்தவர்கள் மனத்தில் வைத்திருப்பது ஒருவர் தனியாகத் தூங்கும் அமைதியான அறை. தோட்டத்து லயத்து வீட்டிலோ, பட்டணத்து மலிவு விலை வீட்டிலோ நிலைமை வேறு. ஒரே அறையில் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை படுத்திருப்பார்கள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டுக்காரர் இருமினால் இங்கே கேட்கும். தலைக்கு மேல் காற்றாடி. விடியற்காலை நான்கு மணிக்குச் சேவல். மழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரைமேல் விழும் சத்தத்தில் இருமல் என்ன, இடியே கேட்காது.

இதற்கெல்லாம் வழி உண்டு. கைப்பேசியை இருமுகிறவரின் தலைமாட்டிலிருந்து ஒரு கை நீளத்தில், தலையணை உயரத்தில் வையுங்கள். தலையணைக்கு அடியில் வேண்டாம், ஒலி அமுங்கிவிடும், கைப்பேசி சூடேறவும் செய்யும். கவிழ்த்த மைலோ டின் ஒன்றின்மேல் ஒரு துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் வைத்தால் போதும். மைக் துவாரம் பெரும்பாலும் சார்ஜர் செருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த முனை ஆளை நோக்கியும் காற்றாடிக்கு முதுகு காட்டியும் இருக்கட்டும். காற்று நேராக மைக்கில் அடித்தால் 'புர்ர்' என்ற ஒலி எல்லாவற்றையும் மூடிவிடும். சுழலும் காற்றாடியாக இருந்தால் சுழற்சியை நிறுத்தி ஒரே பக்கமாகத் திருப்பிவிடுங்கள்.

சார்ஜரைச் செருகியே வையுங்கள். ஆனால் பலருக்கும் வரும் தொல்லை மின்சாரத்தால் வருவதில்லை. பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள், பின்னணியில் ஓடும் செயலிகளை மின்கலத்தைச் சேமிப்பதற்காகத் தாமே நிறுத்திவிடுகின்றன. இரவு பதினொன்றுக்குத் தொடங்கிய எண்ணிக்கை பன்னிரண்டுக்கே நின்றுபோயிருக்கும், காலையில் "இரண்டே இருமல்" என்று காட்டும், வீடே மகிழ்ந்துபோகும். அமைப்புகளில் மின்கலப் பகுதிக்குப் போய், இந்தச் செயலிக்கு மட்டும் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுங்கள். செயலி உண்மையில் எத்தனை மணி நேரம் கேட்டது என்பதைக் காலையில் முதல் வேலையாகப் பாருங்கள். மழை கொட்டிய இரவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிறகு ஒரு சோதனை. இருமுகிறவர் படுக்கும் இடத்தில் படுத்து, வேண்டுமென்றே பத்து முறை இடைவெளி விட்டு இருமட்டும். செயலி எத்தனையைப் பிடித்தது? அடுத்து அறையின் மறுமூலையிலிருந்து இன்னொருவர் பத்து முறை இருமட்டும். அதையும் சேர்த்துக்கொண்டதா? தொண்டையைச் செருமுங்கள், கைதட்டுங்கள், கதவைச் சாத்துங்கள். இதைக் காற்றாடி ஓடும்போது ஒருமுறை, நிறுத்திவிட்டு ஒருமுறை செய்து பாருங்கள். கால் மணி நேர வேலைதான். உங்கள் வீட்டில் உங்கள் செயலி எவ்வளவு நம்பத்தக்கது என்பதை எந்த விளம்பரமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

ஒரே அறையில் இரண்டு பேர் இருமினால் யாருடையது எது என்று பெரும்பாலான செயலிகளால் பிரித்துச் சொல்ல முடியாது. முடிந்தால் அந்த ஒரு வாரம் பேரப்பிள்ளையை வேறு அறையில் படுக்க வையுங்கள். காரணம் தெரியாத இருமல் என்றால் எப்படியும் அதுதான் நல்லது. இடமில்லையென்றால் அந்தக் கணக்கை 'அறையின் கணக்கு' என்றே எழுதுங்கள், ஒருவர் தலையில் கட்டிவிடாதீர்கள்.

ஆறாம் படி: முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

இருமல் நாளுக்கு நாள் பெரிதும் ஏறி இறங்கும். ஓர் இரவின் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. முதல் ஏழு இரவுகள் அவருடைய வழக்கமான அளவு என்ன என்று தெரிந்துகொள்வதற்கு மட்டுமே. அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை, அவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும்.

மொத்த எண்ணிக்கையை எழுதாமல், மணிக்கு எத்தனை என்று எழுதுங்கள். செயலி எட்டு மணி நேரம் கேட்டு 40 இருமல் பிடித்தால் மணிக்கு 5. மறுநாள் நான்கு மணி நேரமே கேட்டு 28 பிடித்தால் மணிக்கு 7. மொத்தத்தை மட்டும் பார்த்தால் குறைந்தது போலத் தெரியும், உண்மையில் கூடியிருக்கிறது.

பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, செயலி கேட்ட மணி நேரம், மணிக்கு எத்தனை இருமல், காய்ச்சல் உண்டா, என்ன மருந்து என்று எழுதுங்கள். கூடவே அன்றைய நாளில் என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும். செம்பனைக்கு மருந்து தெளித்தாரா? உரம் போட்டாரா? ரப்பர் ஆலையில் அமோனியா வாடைக்குள் நின்றாரா? பக்கத்தில் யாராவது குப்பை கொளுத்தினார்களா? வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டீர்களா, இரவெல்லாம் கொசுவர்த்தி எரிந்ததா? இந்தக் கடைசி இரண்டையும் குற்றம் சொல்வதற்காக எழுதச் சொல்லவில்லை. மூடிய அறையில் எரியும் கொசுவர்த்திப் புகை ஆஸ்துமா பிள்ளையின் இருமலைக் கிளப்பிவிடும், எழுதி வைத்தால்தான் தொடர்பு கண்ணில் படும்.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடான ஐபியுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் துறை அதை நாள்முழுதும் வெளியிடுகிறது. 50 வரை நல்ல காற்று, 100 வரை மிதம், 101 முதல் 200 வரை ஆரோக்கியத்துக்குக் கேடு, 300 வரை மிகக் கேடு, அதற்கு மேல் அபாயம். 2015-லும் 2019-லும் புகை மூடியபோது இப்படி ஒரு நோட்டு வீட்டுக்கு வீடு இருந்திருந்தால், எந்தப் பிள்ளையை எந்த அளவில் வெளியே விடக்கூடாது என்று அந்தந்தத் தாய்க்கே தெரிந்திருக்கும்.

ஏழாம் படி: வரைபடத்தைப் படித்தல்

மணிவாரி வரைபடத்தில் தூண்கள் எங்கே உயர்கின்றன என்று பாருங்கள். இதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளலாம்.

நள்ளிரவு தாண்டி விடியலுக்குள் தூண்கள் உயர்ந்து, பகலில் ஆள் நன்றாக இருந்தால் ஆஸ்துமாவைப் பற்றிக் கேளுங்கள். பகலில் ஓடியாடும் பிள்ளைக்கு "ஆஸ்துமா எல்லாம் இல்லை" என்று வீட்டில் சாதிப்பார்கள். இரவு மூன்று மணிக்கு எழும் அந்தத் தூணுக்கு அவர்களிடம் பதில் இருக்காது.

படுத்த சிறிது நேரத்திலேயே தொடங்கி, எழுந்து உட்கார்ந்தால் அடங்கும் இருமல், வயிற்றுப் புளிப்பு மேலேறுவதாலோ இதயம் பலவீனப்பட்டதாலோ வரலாம். கால் வீக்கமும் சேர்ந்திருந்தால் தாமதிக்காமல் போங்கள். காலையில் எழுந்ததும் சளியோடு பொங்கி, அப்புறம் தணிவது பல வருடம் புகைத்தவர்களிடம் பெரிதும் காணப்படும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. ரத்தக் கொதிப்புக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் கொடுக்கப்படும் பெரிண்டோபிரில், எனலாபிரில் வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொண்டுவரும். நோட்டில் மருந்து தொடங்கிய தேதியும் இருமல் கூடிய தேதியும் அருகருகே இருந்தால் மருத்துவருக்கு உடனே புரிந்துவிடும், மாற்று மாத்திரை எழுதித் தருவார். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இருமல் நிற்கலாம், பக்கவாதம் வரலாம்.

காசநோய் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. மருந்து வேலை செய்யத் தொடங்கினால் இருமல் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் இறங்கும். பார்க்கவே மனத்துக்குத் தெம்பாக இருக்கும். அந்தத் தெம்பிலேதான் ஆபத்தும் இருக்கிறது. "இருமல் நின்றுவிட்டதே" என்று இரண்டாம் மாதத்தில் மாத்திரையை விட்டவர்களிடம் கிருமி மருந்துக்குப் பணியாத வடிவத்தில் திரும்பி வரக்கூடும். வரைபடம் தரையைத் தொட்டாலும் பொதுவாக ஆறு மாதச் சிகிச்சையை முழுதாக முடித்தே ஆக வேண்டும். மருந்து சாப்பிட்டும் எண்ணிக்கை இறங்காமல் இருந்தால் அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் மாலைக் காய்ச்சல், இரவில் உடையை நனைக்கும் வியர்வை, உடல் எடை குறைதல் இவற்றில் ஒன்று சேர்ந்தால் கணக்கை மூடி வைத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள்.

எட்டாம் படி: கிளினிக்கில்

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம். காலையில் கூட்டம் அதிகம், மருத்துவர் உங்களுக்குக் கொடுக்கக்கூடிய நேரம் குறைவு. கைப்பேசியை நீட்டி "பாருங்கள் டாக்டர்" என்று முப்பது நாள் வரைபடத்தை விரலால் தள்ளிக்கொண்டிருந்தால் அந்த நேரமும் வீணாகும். நோட்டிலிருந்து அரைப் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்: இருமல் தொடங்கிய தேதி, முதல் வாரம் மணிக்கு எத்தனை, இப்போது எத்தனை, எந்த நேரத்தில் அதிகம், சளியின் நிறம், எடை, சாப்பிடும் மருந்துகள், செய்யும் வேலை. செயலியின் பெயரையும் எழுதுங்கள். வீட்டில் செய்த பத்து இருமல் சோதனையில் அது எத்தனையைப் பிடித்தது என்பதையும் எழுதினால் மருத்துவர் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று கணித்துக்கொள்வார்.

பதிவு முகப்பில் தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால் "பாத்தோக் லெபே டுவா மிங்கு" என்று சொன்னால் போதும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று புரிந்துகொள்வார்கள். சளியில் ரத்தம் என்றால் "காஹாக் பெர்டாரா". பெரியவர்கள் கூச்சப்பட்டு "பாத்தோக்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டு வாரம் என்பதைச் சேர்த்துச் சொல்லக் கற்றுக்கொடுங்கள். முகக்கவசமும் போட்டு அனுப்புங்கள்.

சளி கேட்டால் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுவது நம்மிடையே சாதாரணம். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சை இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். திறந்த வெளியில், மற்றவர்களிடமிருந்து தள்ளி நின்று செய்யுங்கள்.

காசநோய் உறுதியானால் வீட்டிலுள்ள எல்லாரையும் பரிசோதிப்பார்கள். சட்டப்படி அந்த நோயைச் சுகாதாரத் துறைக்கு அறிவித்தாக வேண்டும், ஆகவே அலுவலர்கள் வீடு தேடி வந்தால் அவமானமாக நினைக்காதீர்கள். "பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடுமே" என்று மறைத்த வீடுகளில் அடுத்து இருமத் தொடங்குவது பெரும்பாலும் அந்தப் பெண்தான். பக்கத்து அறைகளில் தங்கியிருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களையும் மறந்துவிடக்கூடாது. அதே காற்றைத்தான் அவர்களும் சுவாசிக்கிறார்கள், கிளினிக் கட்டணமோ அவர்களுக்கு அதிகம், வேலை போய்விடுமோ என்ற பயமும் உண்டு.

ஒன்பதாம் படி: யாருடைய காது இது?

படுக்கையறையில் இரவெல்லாம் ஒரு மைக் விழித்திருக்கிறது. அந்த அறையில் படுக்கும் எல்லாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், சம்மதமும் வேண்டும். தாத்தாவுக்குச் சொல்லாமல் அவர் கட்டிலுக்கு அடியில் வைப்பது அக்கறையாகாது.

தோட்ட நிர்வாகமோ, ஆலை முதலாளியோ, தங்கும் விடுதி நடத்துகிறவரோ "எல்லாரும் இந்தச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு எங்களுக்கு வரட்டும்" என்றால், கேட்க வேண்டியதைக் கேளுங்கள். யார் பார்ப்பார்கள்? இருமல் கூடியவருக்கு மருத்துவ விடுப்பு கொடுப்பார்களா, வேலையிலிருந்து நிறுத்துவார்களா? மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தகவலை நுட்பமான தகவல் என்று தனியாகப் பிரித்து, அதைக் கையாள வெளிப்படையான சம்மதம் தேவை என்கிறது. கையெழுத்துப் போடுமுன் படித்துக் காட்டச் சொல்லும் உரிமை எவருக்கும் உண்டு. குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் தாத்தாவின் வரைபடத்தைப் போடுவதையும் தவிர்க்கலாம். அங்கிருந்து அது ஊர்க்குழுவுக்குப் போக அதிக நேரம் ஆகாது.

பத்தாம் படி: எப்போது நிறுத்துவது

காரணம் தெரிந்து, மருந்து தொடங்கி, எண்ணிக்கை சில வாரங்கள் ஒரே சீராக இருந்தால் தினமும் எண்ணத் தேவையில்லை. ஆஸ்துமா பிள்ளைக்கு மாதத்தில் ஒரு வாரமும் புகைமூட்டம் வரும்போதும் போதும். காலையில் எழுந்ததும் முகம் கழுவாமல் வரைபடத்தைத் தேடுகிறவர்கள், ஓர் எண் கூடியதற்கே பசியாறாமல் கலங்குகிறவர்கள் உடனே நிறுத்திவிடலாம். அந்தக் கலக்கம் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் உடம்பு தேறுவதும் தாமதமாகும்.

நிறுத்தும்போது செயலியை நீக்கினால் மட்டும் போதாது. முதலில் செயலிக்குள் போய்ப் பதிவுகளையும் கணக்கையும் அழியுங்கள், பிறகு மைக் அனுமதியை எடுங்கள், கடைசியாகச் செயலியை நீக்குங்கள். பழைய கைப்பேசியைப் பட்டணத்துக் கடையில் விற்கவோ பேரனிடம் கொடுக்கவோ போகிறீர்கள் என்றால் இதைச் செய்துவிட்டு, உள்ளேயிருக்கும் எல்லாவற்றையும் அழித்து, புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்கு (factory reset) மாற்றிய பிறகு கொடுங்கள். நோட்டுப் புத்தகத்தை மட்டும் எறியாமல் கிளினிக் அட்டையோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை இருமல் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய வழக்கமான அளவு அதில்தான் இருக்கிறது.